காரணம் எழுதும் கட்டம்

கட்டடத்தின் வயதைக் கேட்டது படிவம்.
நெற்றியில் ஆண்டு பொறித்த இடத்தில்
ஆலங்கன்று முளைத்திருக்கிறது.
ஒன்று, ஒன்பது. அதற்குமேல் வேர்.
கட்டியவர் பெயர்?
இரும்புத் தூணில் ஒரு பெயர் உண்டு,
தூணை வார்த்த ஆலையின் பெயர்.

ரங்கூன், ஐம்பத்தோராம் தெரு,
லிஃப்ட் இல்லாத ஐந்து மாடி.
இடிக்கலாமா, விட்டுவைக்கலாமா என்று
வீடு வீடாகக் கேட்டு எழுதும் வேலை
என் தலையில் விழுந்தது.
பர்மியமும் தமிழும் எழுதத் தெரிந்தவள்
இங்கே நான் ஒருத்தி.

'முக்கியத்துவத்திற்கான காரணம்.'
இரண்டு விரல் அகலக் கட்டம்.

கீழே டீக்கடை கோ ஸா வின் சொன்னான்:
எட்டு வயதில் கல்லாவில் கைவைத்து
நான் மாட்டிய இடம் இது.
தெருவே சேர்ந்து அடித்தது.
அடித்த கையே டீ வாங்கித் தந்தது.
எழுதிக்கொள்.

முதல் மாடி மைதீன் பிச்சை
பேசாமல் சுவரைக் காட்டினார்.
குண்டு விழுந்த வருஷத்து விரிசல்.
அவர் வாப்பா கடைசிவரை
பூசவிடவில்லையாம்.
நடந்தே ஊருக்குப் போனவர்கள்
திரும்பி வந்தால்
வீட்டை அடையாளம் காண வேண்டுமே.

இரண்டாம் மாடி தெய்வானை,
பள்ளிக்கூடப் பதிவில் டின் டின் நு,
பதினாறாம் படி என்றாள்.
அது மட்டும் கிறீச்சிடும்.
மகன்கள் மூவரும் ராத்திரி
அதைத் தாண்டித்தான் ஏறுவார்கள்.
தாண்டுகிற சத்தம் எனக்குத் தெரியாதா
என்று சிரித்தாள்.
இப்போது மூவரும் மலேசியாவில்.
படியை யாரும் தாண்டுவதில்லை.

மூன்றாம் மாடி பூட்டு.
சாவி பெர்த்தில்.

நான்காம் மாடி செபஸ்தியம்மாள்
பால்கனியிலிருந்து தெருவரை
மணி கட்டித் தொங்கவிட்ட கயிற்றை
இழுத்துக் காட்டினாள்.
ஊரடங்கில் ஒரு நாள் மணி அடித்ததாம்.
கயிற்றின் நுனியில்
காகிதத்தில் சுற்றிய இரண்டு முட்டை.
எட்டிப் பார்த்தால் ஆளில்லை.
வீட்டை இடித்துவிட்டால்
அந்த ஆள் மறுபடி வந்து
எந்தக் கயிற்றை இழுப்பான்?

ஐந்தாம் மாடி என் வீடு.
கேட்கிறவளும் நான், சொல்கிறவளும் நான்.
உள்ளதைச் சொல்கிறேன்:
எனக்கு இந்தக் கட்டடம் பிடிக்காது.
எண்பத்தாறு படி.
மழை பிடித்தால் கட்டிலைச் சுற்றி மூன்று வாளி.
அம்மாவை நாற்காலியில் வைத்து இறக்கியபோது
மூன்றாம் மாடித் திருப்பத்தில்
நாற்காலி சிக்கிக்கொண்டது.
முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.
கைப்பிடியைப் பற்றியிருந்த அவள் விரல்களை
ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன்.
அதற்குள் முடிந்திருந்தது.
'இடிக்கலாம்' என்று எழுதத்தான்
பேனாவைத் திறந்தேன்.

அன்று மத்தியானம்
காண்ட்ராக்டர் ஆட்கள் வந்தார்கள்.
மாதிரிக்கு ஒரு சாண் மரம் வேண்டுமாம்.
ஊரில் பர்மா தேக்கு என்றால்
கதவைத் தட்டிக் காட்டிப் பெருமை பேசுவார்கள்.
எங்களுக்கு அது
மூட்டு வலிக்க வலிக்க மிதிக்கிற படி, அவ்வளவுதான்.
ரம்பம் இரண்டு இழுப்பு இழுத்ததும்
மாடிப்படியெங்கும் வாசனை.
நூறு வருஷம் கழித்தும்
உள்ளே எண்ணெய் மினுங்கியது.
டன் என்ன விலை தெரியுமா
என்று ஒருத்தன் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவர்கள் அறுத்தது
அந்தத் திருப்பத்துக் கைப்பிடியை.

கத்தினேன்.
தமிழிலா பர்மியத்திலா, நினைவில்லை.
அறுத்த வாயைக்
கையால் பொத்திக்கொண்டு நின்றேன்.
மேலும் கீழும் கதவுகள் திறந்தன.
யாரும் என்னவென்று கேட்கவில்லை.
செபஸ்தியம்மாள் மட்டும்
ரம்பத்தை வாங்கி
தன் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

கட்டத்தில் மரத்தூள் ஒட்டியிருக்கிறது.
ஊதித் தள்ளவில்லை.
'இடம் போதவில்லை,
தனித்தாள் இணைக்கப்பட்டுள்ளது'
என்று மட்டும் எழுதினேன்.
தனித்தாளில் இன்னும் ஒரு வரியும் ஏறவில்லை.
படியிறங்கும்போதெல்லாம்
டீ ஆற்றிக்கொண்டே கேட்கிறான் கோ ஸா வின்:
அக்கா,
என் அடியைச் சேர்த்தாயா?